தோம்பும் வரிப்படமும்

கொழும்பு மாநகரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அதன் கோட்டையையும் துறைமுகத்தையும் தேவாலயங்களையும் வர்த்தக வீதிகளையும் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால், ஆட்சிகள் மாறியபோதும் அறுபடாமல் அந்நகரில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு தொழிலைப் பற்றி, அதாவது உள்ள பொருளொன்றை அதைக் கண்ணாற் காணாத ஒருவர் ஐயமற விளங்கிக்கொள்ளும் வண்ணம் எழுத்திலும் கோட்டிலும் பதிந்து வைக்கும் தொழிலைப் பற்றி, அத்தகைய கரிசனையோடு எவரும் எழுதியதாக நான் கண்டதில்லை.

காலையில் வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் கோட்டைப் பக்கம் செல்லும் கரையோர ரயிலை எதிர்பார்த்து நிற்கும் இளைஞரிடத்திலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யுவதிகளிடத்திலும் என்ன உத்தியோகம் என்று விசாரித்தால், மென்பொருட் கம்பனியில் என்ற விடை அடிக்கடி கிடைக்கும் காலம் இது. அவர்களுடைய பாட்டன்மாரிற் சிலர் நில அளவைத் திணைக்களத்திலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் பொது வேலைத் திணைக்களத்திலும் படவரைஞராகவும் இலிகிதராகவும் கடமை புரிந்தவர்கள். பாட்டனுடைய தொழில் வேறு, பேரனுடைய தொழில் வேறு என்பதே பொதுவான அபிப்பிராயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரன் தன் கந்தோரில் வெண்பலகையின் முன் நின்று பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் வரைந்து, இந்த மென்பொருள் இன்ன பகுதிகளால் ஆனது, அவை ஒன்றோடொன்று இன்னவாறு தொடர்புடையன என்று சக உத்தியோகத்தருக்கு விளக்கும்போது, பாட்டன் சாய்ந்த மேசையின் முன் நின்று செய்த அதே காரியத்தைத்தான் செய்கிறான். பாட்டன் அறிந்திருந்த சில பிரமாணங்களை அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

1656ஆம் ஆண்டில் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார், தமக்கு முன்னிருந்தவர்கள் தொடக்கிவைத்த தோம்பு என்னும் பதிவேட்டு முறையைத் தாமும் மேற்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் அதை நிருவாகத்தின் ஒரு பெருங்கருவியாக வளர்த்தெடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் தோம்பிற் பதியப்பட்ட காணியின் பெயர் இன்றும் எடுத்தாளப்படுகிறது. கொழும்பைச் சார்ந்த பிரதேசங்களிலோ தோம்புகள் இருவகையாக எழுதப்பட்டன. ஒன்று தலைத்தோம்பு, அதில் குடும்பத் தலைவன், அவன் மனைவி மக்கள், உடன்பிறந்தார், அவர்களுடைய வயது, அவர்கள் அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியம் ஆகியவை எழுதப்பட்டன. மற்றது காணித்தோம்பு, அதில் அக்குடும்பத்தார் அனுபவித்துவந்த தோட்டங்களும் வயல்களும், அவற்றின் பெயரும் அளவும், நின்ற மரங்களும், எந்த உரித்தால் அவை அனுபவிக்கப்பட்டன என்பதும் எழுதப்பட்டன. ஒன்றிற் கண்ட குடும்பத்தை மற்றதில் தேடி எடுக்க இயலும்.

ஒரே கிராமத்தை ஏன் இரண்டு புத்தகங்களில் எழுதவேண்டும்? ஊழியத்துக்கு ஆள் சேர்க்கும் உத்தியோகத்தனுக்கும் வருமானத்தைக் கணக்கிடும் உத்தியோகத்தனுக்கும் கேள்விகள் வேறு என்பதனாலேதான். இரண்டையும் ஒரே ஏட்டில் அடைத்திருந்தால் இருவருக்குமே பிரயோசனப்படாத ஒரு குவியலாக அது முடிந்திருக்கும். எந்தப் பெரிய அமைப்பையும் ஒரே படத்தில், ஒரே பதிவில் முழுவதுமாகக் காட்டிவிட முடியாது, யாருடைய எந்தக் கேள்விக்கு விடையாக இது எழுதப்படுகிறது என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டே எழுதவேண்டும் என்ற ஞானம், கணினி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கொழும்புக் கந்தோர்களில் காரியத்தில் இருந்தது என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைவுகூர்கிறேன்.

இன்னொன்றும் அந்தத் தோம்புகளிலிருந்து தெளிவாகிறது. எழுதி முடித்த நாளிலிருந்தே பதிவு பழசாகத் தொடங்குகிறது. ஆட்கள் இறப்பர், பிள்ளைகள் பிறப்பர், தோட்டம் துண்டாடப்படும், வயல் கைமாறும். ஆகவே தோம்பைக் காலந்தோறும் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. 1760களிலும் 1770களின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட கொழும்புப் பகுதித் தோம்புகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் பேணப்படுகின்றன. திருத்தும் வேலைக்கு ஆளும் பொருளும் ஒதுக்காமல் பதிவை மாத்திரம் தொடக்கிவைக்கும் நிருவாகம், சில ஆண்டுகளில் உண்மைக்கு மாறான ஒரு புத்தகத்தின் சொந்தக்காரனாகிவிடும். அப்படியான புத்தகம் இல்லாதிருப்பதைவிடக் கேடானது; ஏனெனில் அதை நம்பிக் காரியம் செய்பவர்கள் இருப்பார்கள்.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தைத் தாபித்தார். முதலாவது நில அளவையாளர் நாயகமாக நியமனம் பெற்றவர் இயற்கைச் சாஸ்திரத்தில் நாட்டமுடைய ஜோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னர் 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணியைக் கைமாற்றும் எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லாது என்று விதித்தது. அந்நாள் முதல் உறுதி என்பது இந்நாட்டுக் குடும்பங்களின் உயிர்ப்பத்திரமாயிற்று.

உறுதியின் எழுத்து மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரியவந்தது. கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே ஒழுங்கை, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய வளவு என்று நான்கு எல்லைகளையும் சொல்லி நொத்தாரிசு எழுதி வைக்கிறார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு கிழக்கு எல்லைக்காரர் காலமாகி, அவருடைய காணி நான்கு பேரிடம் பிரிந்து, வாய்க்காலும் தூர்ந்துபோனால், அந்த வாசகம் எதைக் குறிக்கிறது? எழுத்தைத் தாங்கி நிற்கப் படமும், படத்தைத் தாங்கி நிற்க எழுத்தும் வேண்டியிருந்தன. உறுதியின் கடைசியில் உள்ள அட்டவணையில் இன்ன நில அளவையாளர் இன்ன திகதியில் வரைந்த இன்ன இலக்கப் படத்தில் இன்ன துண்டு என்று எழுதும் வழக்கம் அவ்வாறு நிலைபெற்றது. இரண்டில் எது இல்லாவிடினும் வழக்குக்கு இடமுண்டு என்பதை இலங்கையின் மாவட்ட நீதிமன்றங்களிற் காணி வழக்காடி அலைந்த எவரும் அறிவர்.

அக்காலத்து நில அளவைப்படம் ஒன்றை மேசையில் விரித்து வைத்துப் பார்ப்போம். காகிதத்தின் தலைப்பில் காணியின் பெயரும், அது இருக்கும் கிராமமும் கோறளையும் மாவட்டமும் எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் வடதிசை காட்டும் அம்பு. அதனருகே அளவுத்திட்டம்: இரண்டு சங்கிலிக்கு ஓர் அங்குலம் என்பது போல. ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். நடுவில் காணியின் எல்லைக்கோடு. அதற்கு வெளியே, வரைபவருடைய பொறுப்புக்கு அப்பாற்பட்ட அயற்காணிகளும், உள்ளே விபரமாக வரையப்படாமல், பெயரளவில் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். கிணறு, கட்டடம், மதில், கம்பி வேலி ஒவ்வொன்றுக்கும் உரிய குறி. பரப்பு ஏக்கர், றூட், பேர்ச் என்ற ஒழுங்கில். அடியில் அளந்தவரின் கையொப்பமும் அளந்த திகதியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காகிதம் படமாகக் கொள்ளப்படமாட்டாது. எவ்வளவு அழகாகக் கோடு இழுக்கப்பட்டிருந்தாலும் மேலுத்தியோகத்தர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அயற்காணியை வெறுமையாக விட்டுப் பெயரை மட்டும் எழுதும் அந்த வழக்கத்தை நான் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். எது என்னுடையது, எது என்னுடையதன்று, ஆனாலும் எது என்னைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் ஒரே பார்வையில் அது சொல்லிவிடுகிறது. மென்பொருட் கட்டமைப்பை வரைவோர் முதலாவதாக வரையவேண்டிய படமும் இதுவே: நடுவே தாங்கள் ஆக்கும் அமைப்பு, சுற்றிலும் அதைப் பயன்படுத்தும் மனிதரும், அது சார்ந்து நிற்கும் வெளி அமைப்புகளும். இலங்கையில் க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் தரவுப் பாய்ச்சல் வரிப்படத்தை, முழு அமைப்பையும் ஒரே உருவாகக் காட்டும் இத்தகைய படத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பின்னர் அந்த உருவை உடைத்து உள்ளே உள்ள செய்முறைகளையும் தரவுச் சேமிப்புகளையும் அடுத்த மட்டத்தில் வரைகிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தனியார் வகுப்புகளில் தமிழ் மூலம் அதை மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு, எல்லை வகுப்பதே இப்பயிற்சியின் நோக்கம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

மட்டம் என்றவுடன் நில அளவைத் திணைக்களத்தின் மற்றொரு மகத்தான சாதனை நினைவுக்கு வருகிறது. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இலங்கை முழுவதையும் 72 தாள்களில் வரைந்து வெளியிட்ட வேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறைவேறியது. ஒரு மைலில் 80 சங்கிலி உண்டு. ஆகவே இரண்டு சங்கிலிக்கு ஓர் அங்குலம் என வரையப்பட்ட காணிப்படம், இந்த ஓரங்குலப் படத்தைவிட நாற்பது மடங்கு பெரிது. 33 அடி அகலமுள்ள வீடு காணிப்படத்தில் கால் அங்குலம். ஓரங்குலப் படத்திலோ அங்குலத்தின் 160இல் ஒரு பங்கு, அதாவது ஊசிமுனை. எனவே ஓரங்குலப் படத்தை வரைந்தவர்கள் தனித்தனி வீடுகளின் உருவை விட்டார்கள், வேலிகளை விட்டார்கள், ஆறும் குளமும் தெருவும் குன்றும் தண்டவாளமும் போன்றவை நிற்கச் செய்தார்கள். வரைதல் என்பது பெரும்பாலும் எதை விடுவது என்ற தீர்மானம். ஒரே தாளில் இரண்டு மட்டங்களைக் கலப்பவன், மாவட்டப் படத்தில் ஒரு வீட்டின் கதவை வரைபவனைப் போலத் தன் படத்தைப் பார்ப்பவரை மயக்குகிறான். சைமன் பிரௌன் என்னும் மென்பொருள் வல்லுநர் நம் காலத்தில் வகுத்த நான்கு மட்ட முறை, சூழல், இயங்கும் பெரும்பகுதிகள், அவற்றின் உறுப்புகள், நிரல் என்று படிப்படியாக உள்ளே செல்வது, தேசப்படங்களை முன்மாதிரியாகக் கொண்டே விளக்கப்படுகிறது.

படவரைஞரின் மேசைக்கும் சற்று வருவோம். கஞ்சிப்பசையிட்ட மெல்லிய துணியின்மேல் கறுப்பு மையால் மூலப்படம் வரையப்படும். அதிலிருந்து பிரதி எடுப்பதற்கு, 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்த முறைப்படி, பொட்டாசியம் பெரிசயனைட்டும் பெரிக் அமோனியம் சித்திரேற்றும் பூசிய காகிதத்தின்மேல் அத்துணியை விரித்து வெளிச்சத்தில் வைத்து, பின் தண்ணீரில் அலசுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும். மைக்கோடு மறைத்த இடம் வெண்மையாக நிற்கும். ஒரு மூலம், பல நீலப்பிரதிகள். திருத்தம் எதுவானாலும் மூலத்திலேயே செய்யவேண்டும். வேலைத்தலத்தில் உள்ள பிரதியில் ஒருவர் பென்சிலால் திருத்திவிட்டு மூலத்தைத் தொடாதிருந்தால் அது குற்றமாகவே கருதப்பட்டது. பொறியியற் படங்களின் வலக்கீழ் மூலையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். எத்தனையாவது திருத்தம், என்ன திருத்தம், யார் செய்தது, யார் சரிபார்த்தது, எந்தத் திகதி என்று அதில் நிரல்நிரலாக எழுதப்படும். அந்தச் சிறு கட்டத்தைவிட நாகரிகமான ஒரு ஏற்பாட்டை எந்தக் கந்தோரிலும் நான் அறியேன்.

நகரம் வளர்ந்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு வந்து நகரத்திட்டம் வகுத்தபோது, முதலில் உள்ளதை ஆராய்ந்து அறி, பின்னர் திட்டம் வகு என்ற தம் கொள்கையையே இங்கும் வலியுறுத்தினார். 1973இல் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பின்வந்த தசாப்தங்களில் வெள்ளவத்தையில் தோட்டத்துடன் கூடிய பழைய வீடுகள் நின்ற வளவுகளில் மாடிகள் எழுந்தன. அத்தகைய மாடி ஒன்றுக்கு எத்தனை படங்கள் வேண்டும்? வீட்டை வாங்குவோருக்கு அறைகளின் அமைப்பு. கொத்தனாருக்கும் கம்பி கட்டுவோருக்கும் தூண் வளைகளின் விபரம். மின்சார வேலைக்காரருக்கு வயர் ஓடும் வழி. குழாய் வேலைக்காரருக்குத் தண்ணீரும் கழிவும் செல்லும் வழி. சட்டத்தரணிக்கு எந்த வீடு யாருக்குரியது, மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் யாவருக்கும் பொதுவானவை என்று காட்டும் உரித்துப் படம். கட்டடம் ஒன்றே, படங்கள் பல, ஒவ்வொன்றும் மற்றதோடு முரண்படாமல் இருக்கவேண்டும்.

இந்த உண்மை மென்பொருளுக்கு எழுத்தில் வந்து சேர வெகுகாலம் சென்றது. 1947இல் கோல்ட்ஸ்டைன், வொன் நியூமன் என்னும் கணித அறிஞர்கள் கணினிக்குரிய வேலையைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரைந்து காட்டினார்கள். 1960களின் பிற்பகுதியில் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தின் மூலம் கணினி கொழும்புக்கு வந்தபோது அப்படங்களும் கூடவே வந்தன. 1984இல் கணினித் துறைக்கென ஒரு தேசிய சபை ஏற்பட்டது; 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழினுட்ப நிறுவனம் உதயமாயிற்று; இரண்டுக்கும் பின்னால் நின்று உழைத்தவர் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. அவருடைய சேவை தனியே எழுதப்படவேண்டியது.

பாய்ச்சற் கோட்டுப்படம் ஒரு காரியத்தின் படிமுறையைக் காட்டும். ஒரு பெரிய அமைப்பின் உருவத்தைக் காட்டாது. ஆயிரக்கணக்கான நிரல்களும் பல சேவையகங்களும் பல ஊர்களில் இருந்து வேலைசெய்யும் குழுக்களும் சேர்ந்த ஒரு மென்பொருள், நீளமும் அகலமும் இல்லாத ஒரு கட்டடம். அதைச் சுற்றிவந்து பார்க்க முடியாது. அதன் தூண் எது, அலங்காரம் எது என்று தட்டிப் பார்த்து அறிய முடியாது. படமும் எழுத்தும் இல்லாவிடில், அதைக் கட்டியவருடைய ஞாபகத்தில் மட்டுமே அதன் உருவம் வாழ்கிறது. அவர் வேலையை விட்டு மெல்போனுக்கோ டொரொன்டோவுக்கோ போய்விட்டால் உருவமும் போய்விடுகிறது. கொழும்பில் இது கற்பனையான அபாயமன்று.

1995இல் பிலிப் குருக்டென் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒரு மென்பொருளை நான்கு நோக்குகளில் வரையவேண்டும் என்றது: அதன் தர்க்க அமைப்பு, இயங்கும்போது நிகழும் செயல்களின் ஒழுங்கு, ஆக்குவோர் வேலைசெய்யும் நிரற்பகுதிகள், அவை ஏற்றி வைக்கப்படும் இயந்திரங்கள். இந்த நான்கையும் ஒன்றோடொன்று இணைத்துச் சோதிப்பதற்கு ஐந்தாவதாக, பயன்படுத்துவோர் செய்யும் சில முக்கிய காரியங்களின் கதை. 1997இல் ஒருங்கிணைந்த வரைமொழி ஒன்று துறைசார் நியமமாக ஏற்கப்பட்டு, குறிகளுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் வெளியிட்ட நியமம், ஒவ்வொரு நோக்கும் இன்னாருடைய இன்ன கவலைக்கு விடை என்று வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டும் என விதித்தது. தலைத்தோம்பையும் காணித்தோம்பையும் வேறுவேறாக எழுதிய இலிகிதனுக்கு இந்த விதியை விளக்கவேண்டிய அவசியமே இருந்திராது.

இருப்பினும் நடைமுறையில் காண்பது என்ன? காலி வீதியில் உள்ள புடைவைக்கடை ஒன்றுக்கு இணையவழி விற்பனை அமைப்பு ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். வெண்பலகையில் கடை என்று ஒரு பெட்டி, வங்கி என்று ஒரு பெட்டி, இடையே கடையிலிருந்து வங்கிக்கு ஓர் அம்புக்குறி. அந்த அம்பு எதைச் சொல்கிறது? கடையின் மென்பொருள் வங்கியின் மென்பொருளை அழைக்கிறது என்றா? வாடிக்கையாளரின் அட்டை விபரம் அந்தத் திசையிற் செல்கிறது என்றா? பணம் செல்லும் திசை என்றால் அம்பு மறுபக்கம் திரும்பவேண்டுமே? வங்கி இயங்காவிட்டால் கடையும் இயங்காது என்ற சார்பைக் குறிக்கிறதா? நால்வர் நின்று பார்க்கிறார்கள், நால்வரும் தலையசைக்கிறார்கள், நால்வரும் வேறுவேறாக விளங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்புகிறார்கள். குறிவிளக்கமும் திகதியும் வரைந்தவர் பெயரும் இல்லாத அந்தப் பலகையை ஒருவர் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைத்துக்கொள்கிறார். ஆறு மாதத்தின் பின் அதுவே அந்த அமைப்பின் ஒரேயொரு ஆவணமாகிறது. நில அளவைத் திணைக்களத்தின் கடைநிலைப் படவரைஞரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார்.

கொழும்பு இந்தத் துறையில் பிறரிடம் கற்றதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளை அழித்தபோது, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பைச் சார்ந்தோரும் பல கம்பனிகளிலிருந்து வந்த தொண்டர்களும் சேர்ந்து, சில வாரங்களுக்குள் சஹனா என்னும் மென்பொருளை எழுதினார்கள். காணாமற் போனோரின் பதிவு, தொண்டு நிறுவனங்களின் பதிவு, முகாம்களின் பதிவு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி என்று அது தனித்தனிக் கூறுகளாக அமைந்தது. அவசரத்தில் எழுதப்பட்ட அந்த முதல் வடிவம் பின்னர் சுவீடன் அரசின் உதவியோடு, வேறு நாடுகளுக்கும் வேறு அனர்த்தங்களுக்கும் பொருந்துமாறு புதிதாக எழுதப்பட்டது. 2005இல் பாகிஸ்தானின் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் சஹனா பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.

கொழும்பில் எழுதப்பட்ட நிரல், எழுதியவர்களை ஒருபோதும் சந்தித்திராத ஓர் அந்நியரின் கையில், அதுவும் அழிவின் நடுவே, வேலைசெய்யவேண்டுமென்றால், ஒவ்வொரு கூறும் தன் உள்விவகாரத்தைத் தன்னுள்ளே மறைத்துக்கொண்டு, மற்றவற்றோடு பேசவேண்டியதை மட்டும் வெளியே காட்டி நிற்கவேண்டும். டேவிட் பார்னாஸ் என்னும் மென்பொருள் அறிஞர் 1972இல் எடுத்துரைத்த தத்துவம் அது. வேலி எங்கே என்று தெரிந்தாற்போதும். வளவுக்குள்ளே எந்த மரம் நிற்கிறது என்று அயலவர் அறியவேண்டியதில்லை.

படம் பழசாகும் பிரச்சினைக்கும் கொழும்பிலிருந்து ஒரு துணிவான விடை வந்தது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் தொடக்கிய டபிள்யூ.எஸ்.ஓ. 2 என்னும் நிறுவனம், பல மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையில் பல்லாண்டு ஈடுபட்டது. அத்தகைய வேலையை விளக்க முற்படும் எவரும், எந்தப் பகுதி எந்தப் பகுதிக்கு எந்த ஒழுங்கிற் செய்தி அனுப்புகிறது என்பதை நெடுங்கோடுகளாலும் குறுக்கு அம்புகளாலும் வரைந்து காட்டுவது வழக்கம். அந்த வரைபடத்தையே நிரலின் மறுவடிவமாகக் கொள்ளும் கணினி மொழி ஒன்றை ஆக்கினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பலரீனா என்னும் மொழி பிறந்தது. 2017இல் அது வெளியுலகுக்கு அறிமுகமாகி, 2019இல் முதற்பதிப்பாக வெளியாயிற்று. அதை வகுத்தவர்களுள் ஜேம்ஸ் கிளார்க் என்னும் மென்பொருள் வல்லுநரும் ஒருவர். அம்மொழியில் எழுதிய நிரலிலிருந்து படம் தானாகவே எழுகிறது. நிரல் மாறினால் படமும் மாறுகிறது. மூலமும் நீலப்பிரதியும் பிரிந்துபோகாமல் காக்கப் படவரைஞர் பட்ட சிரமத்தை இங்கே மொழியின் இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது.

இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். ஆயினும் நிரலிலிருந்து எழும் படம் உள்ளதைக் காட்டுமேயன்றி, ஏன் அப்படி உள்ளது என்பதைச் சொல்லாது. மூன்று வழிகள் இருந்தபோது ஏன் இந்த வழியைத் தெரிந்தார்கள், எந்த வசதிக்காக எந்த நன்மையை இழக்க உடன்பட்டார்கள் என்பது நிரலில் எங்கும் இல்லை. நில அளவையாளருக்கு இதற்கென ஒரு புலப்புத்தகம் இருந்தது. படம் கந்தோரில் வரையப்படும். புலப்புத்தகமோ அளக்கும் இடத்திலேயே, அளந்தவுடனே எழுதப்படும். அதில் அழித்தல் கூடாது. பிழையை ஒரு கோட்டால் வெட்டி, வெட்டியது தெரியும்படி சரியானதை அருகே எழுதவேண்டும். படத்தில் ஐயம் எழுந்தால் புலப்புத்தகத்தைத் திறப்பார்கள். 2011இல் மைக்கல் நைகார்ட் மென்பொருள் ஆக்குவோருக்குப் பரிந்துரைத்த தீர்மானக் குறிப்பு முறை ஏறக்குறைய இதுவே: ஒவ்வொரு முக்கிய தீர்மானத்துக்கும் ஓரிரு பக்கம், அப்போதிருந்த நிலைமை, எடுத்த தீர்மானம், அதன் விளைவு. தீர்மானம் பின்னர் மாறினால் பழைய குறிப்பைக் கிழித்தெறிவதில்லை. இது இன்ன குறிப்பினால் மாற்றப்பட்டது என்று எழுதி, இருந்த இடத்திலேயே வைத்திருப்பார்கள். எல்லா ஆவணங்களிலும் இதுவே மிகக் குறைந்த செலவில் மிக அதிக பயன் தருவது என்பது என் முடிவான அபிப்பிராயம்.

இதை வாசிப்போருள் 1970களிலும் 1980களிலும் கொழும்பின் வங்கிகளிலும் கூட்டுத்தாபனங்களிலும் திணைக்களங்களிலும் நிரலெழுதிய மூத்தோர் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் அச்சுத்தகட்டின் துவாரங்களுக்குள் பென்சிலை ஓட்டி நீங்கள் வரைந்த பாய்ச்சற் கோட்டுப்படங்களும், அமைப்பின் விபரம் எழுதிய கைப்புத்தகங்களும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வீட்டு அலுமாரியின் மேற்தட்டில் இருந்தால், வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தாளின் பின்புறத்தில், எந்தக் காரியாலயத்துக்காக, எந்த ஆண்டில், யாருடன் சேர்ந்து, எதற்காக வரைந்தீர்கள் என்று ஞாபகத்தில் உள்ளதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். பின்னர், அவற்றைக் கொடுக்க உங்களுக்கு உரித்து இருந்தால், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திடமோ, கணினிக் கல்வி நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்திடமோ கேட்டு, ஏற்பார்களாயின் ஒப்படையுங்கள்.